சந்தனம் படிந்த துப்பாக்கி

கரோல் பாக் துப்பாக்கிக் கடையில் மதிப்புப் போடும் அந்தப் பெரியவர், எந்தத் துப்பாக்கியையும் முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். லைசென்ஸ் வைத்திருந்த என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டதால், மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்கப் போயிருந்தேன்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் அதில் கெட்டியாகப் படிந்திருந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்தபடி, "துப்பாக்கிக்குப் பொட்டா, மாதாஜி? கல்யாணம் பண்ணி வச்சீங்களா?" என்று ஹிந்தியில் சிரித்தார்.

"அந்தக் கடைசிப் பொட்டு என் வீட்டுக்காரர் வச்சது, பாய் சாப்."

துணி நின்றது. "துப்பாக்கி செஞ்சவங்க பேர் இந்தப் பொட்டுக்கு அடியிலதான் இருக்கும். பேர் தெரியலேன்னா விலை குறையுமே."

"குறையட்டும்."

"அச்சா" என்றவர், பொட்டை விட்டுச் சுற்றிலும் துடைத்து, அது வெளியே தெரியும்படி அலமாரியில் சாய்த்து வைத்தார்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தனியாக உட்கார்ந்து அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்தேன். முருகா, துப்பாக்கியில் இருந்த அந்தப் பொட்டைக் கடைக்காரப் பெரியவர் இன்னும் துடைக்காமல் வைத்திருக்கிறாரா?