முழங்கால் இடிக்காதவர் கட்டிய வண்டி

பஸ் பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். சீட் பொருத்துவது வேலை. ஒவ்வொரு வரிசையையும் போல்ட் போட்டு முடுக்கியதும் தானே உட்கார்ந்து பார்ப்பார். முன் சீட்டில் முழங்கால் இடிக்கவில்லை என்றால் அடுத்த வரிசைக்கு நகர்வார். ஒருநாளும் இடித்ததில்லை. இடிக்க வேண்டுமானால் முழங்கால் அவ்வளவு தூரம் வர வேண்டுமே! ஆண்டவன் அவரைச் சற்றுச் சிக்கனமாகப் படைத்திருந்தான். அந்தச் சிக்கனத்தின் அருமை தெரிந்து வேலை கொடுத்தவர் முதலாளி.

"நம்ம வண்டில எல்லா சீட்டும் ஆள் உக்காந்து பாத்த சீட்டு" என்பார் வாங்க வருகிறவர்களிடம். பொய்யில்லை. எந்த ஆள் என்று யாரும் கேட்டதில்லை. வண்டிக்கு வண்டி ஒரு வரிசை கூடுதலாக முளைத்தது. வண்டி எடுக்க வந்த நெட்டையான டிரைவர் எவராவது சீட்டில் உட்கார்ந்து முனகினால் அளவுகோலிடம் ஒரே மருந்து இருந்தது: "பழகிடும்."

அவர் மனைவி அவரைவிட ஒரு தலை உயரம். கல்யாணப் போட்டோவில் மனைவி உட்கார்ந்திருக்க இவர் நிற்கிறார், இருவரும் சமம். அதோடு அந்த வீட்டில் உயரம் பற்றிய பேச்சு முடிந்தது. மேல் தட்டு டப்பாவை அவர் ஸ்டூல் போட்டு எடுக்கும்போது, அம்மையார் ஜன்னல் வழியே ஏதோ முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மையாருக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை. ஒருநாள் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "நாள் பூரா மேஜைக்கடில கால மடக்கியே உக்காந்திருக்கேங்க. ரோடே இல்லாத எடமாப் பாத்துப் போயி, கால நீட்டிப் படுக்கணும்."

அளவுகோலின் காதில் 'ரோடே இல்லாத எடம்' மட்டும் விழுந்தது. கணவர்களின் காது அப்படித்தான், பாதி வாக்கியத்தில் வேலையை ஆரம்பித்துவிடும்.

ஜீப்பில் மாட்டி இழுத்துப் போகும் வண்டி ஒன்று கட்ட, பழைய ஜீப்பின் அச்சை வாங்கினார். இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து, கீழே கல் தட்டாதபடி உயரத் தூக்கி, பட்டை ஸ்பிரிங் மேல் உட்கார்த்தினார். சட்டத்துக்கு மேல் பிளைவுட் பெட்டி, அதற்கு மேல் அலுமினியத் தகடு. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. பெட்டிக்குள் கட்டில். கட்டிலில் படுத்தும் பார்த்தார், தொழில்முறைப்படி. காலடியில் இடம் மிச்சமிருந்தது. மிச்ச இடத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். தண்ணீர் டேங்க்கை அங்கே செருகிவிட்டார்.

மனைவி எட்டிப் பார்க்க வந்தபோதெல்லாம், "முடியட்டும், அப்புறம் பாரு" என்று விரட்டினார்.

முடிந்தது. மனைவியின் தம்பி தன் ஜீப்பில் மாட்டி இழுத்துப் போனான். வறண்ட ஆற்றுப்படுகை, எங்கு பார்த்தாலும் கூழாங்கல். வண்டி குதித்ததே தவிரக் கவிழவில்லை, ஒரு திருகு கழலவில்லை. அளவுகோல் தரையில் நடக்கவில்லை, அத்தனை பெருமை.

மத்தியானம் சாப்பிட்டதும், "போய்ப் படு, உனக்குத்தான் கட்டினேன்" என்றார். மனைவி ஏறினார். இவர் வெளியே நின்றபடி கேட்டார்:

"எப்டி இருக்கு?"

"நல்லாத்தாங்க இருக்கு."

எட்டிப் பார்த்தார். தலை ஒரு பலகையில் முட்டியிருக்க, முழங்கால் நெஞ்சைத் தொட, மனைவி மடித்து வைத்த சட்டைபோல் கிடந்தார்.

"கால நீட்டேன்."

"பரவால்லைங்க. பழகிடும்."

வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்கு ஊட்டிய மருந்தை அன்றைக்குத்தான் அவர் ருசி பார்த்தார்.

மைத்துனன் சும்மா இருப்பானா? "மாமா, கதவத் தெறந்தே வைங்க. அக்கா கால் மட்டும் வெளில காத்து வாங்கட்டும்."

"வாய மூடுறா!" உள்ளேயிருந்து மனைவியின் குரல். கேலியை அளவுகோல் தாங்கியிருப்பார். மடங்கிக் கிடந்தபடியே தனக்காகப் பரிந்து பேசிய அந்தக் குரலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்தார். "செவத்தோரமா நேரா நில்லு."

"நானே சொல்லிடறனே, எனக்குத் தெரியுமே."

"வேணாம். நான் பாக்கறேன்." மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டூல் போட்டு ஏறினார். இந்த முறை அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தலை உச்சியில் டேப்பை வைத்து அளவெடுத்தார்.

வண்டியில் டேங்க் அடிப்பக்கம் இறங்கியது. காலடியில் பெட்டிச் சுவரை அறுத்து, கால் நீட்ட ஒரு பெட்டியை வெளியே பிதுக்கி வைத்தார். வண்டிக்கு மூக்கு முளைத்ததாகத் தெருவே சிரித்தது. அடுத்த பயணத்தில் மனைவி ஏறிப் படுத்தார், சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. அளவுகோல் வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டறையில், பெயின்ட் அடிக்கும் நெட்டையனை ஒருமுறை சீட்டில் உட்காரவைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். "அவன் பெயின்ட் அடிக்க வந்தவன்யா, உக்கார வந்தவன் இல்ல. போய் வேலையப் பாரு." போய்ப் பார்த்தார். வரிசை இன்றைக்கும் கூடுதலாகத்தான் முளைக்கிறது, அவர்தான் நடுகிறார்.

வேலைக்குப் போவது அவர் சீட் போட்ட பஸ்ஸில்தான்.

"உக்காருங்களேன், காலியாத்தான கெடக்கு?" என்பார் கண்டக்டர்.

"இருக்கட்டும்."

கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். பக்கத்தில் யாரோ ஒரு நெட்டையானவர் முழங்காலை நடைவழியில் நீட்டி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆள் நிமிர்ந்து பார்க்கும்போது, அளவுகோல் ஜன்னல் வழியே ஏதோ முக்கியமானதைப் பார்க்கிறார்.