மூக்கில் அடிக்க வேண்டியதைக் காற்றில் அடித்தேன்

போன வருஷம் ஆவணி மாதம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் என் அக்கா மகளுக்குக் காது குத்து. நான் பாகூர் பக்கத்துக்காரன். மூன்று காணி நெல் பயிர் வைக்கிறேன். மிச்ச நேரத்தில் பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு ஊரார் வயலுக்கெல்லாம் மருந்து அடித்துக் கொடுப்பேன். பதினைந்து வருஷமாக இதுதான் வேலை.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்தால் இடது பக்கம் மட்டும் உலக்கை போட்டு இடிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குடித்த தண்ணீர்கூட வெளியே வந்துவிடும். மாத்திரை போட்டால் அதுவும் அதன் பின்னாலேயே வந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை வேறு. எங்கள் ஊரில் ஓர் ஆம்பளை காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் தலைவலி என்று நம்பமாட்டார்கள். "நேத்து ஓவரா?" என்றுதான் கேட்பார்கள். நான் சத்தியமாகத் தொடுவதில்லை. ஆனால் பாண்டிச்சேரிக்காரன் வாயால் அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நாலு வருஷம் முன்பு அக்காவின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது இதே வலி வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நானோ ஒரு குட்டி யானை வண்டிக்குள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மச்சானின் பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். பந்தியில் எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசினார்களாம். அக்கா ஒரு வருஷம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இந்த முறை தேதி வைத்த அன்றே போனில் சொல்லிவிட்டாள்.

"டேய், இந்த வாட்டியும் நீ குந்தலன்னா, இந்த வூட்டுப் பக்கமே வராத."

பயந்துபோய் புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அந்த அம்மா பிரஷர் பார்த்து, இருதயத்துக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் எழுதிக் கொடுத்தார். மூக்கில் அடிக்கிற ஸ்பிரே. கட்டை விரல் அளவில் இரண்டு. "ஒண்ணுல ஒரு டோஸ்தான் இருக்கு. அழுத்திப் பார்க்கக் கூடாது. தலையை நேரா வெச்சு, வலி ஆரம்பிச்ச உடனே ஒரு மூக்குல அடிக்கணும். பலமா உறிஞ்சக் கூடாது" என்று என் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். நான் தலையாட்டினேனே தவிர, காதில் முழுசாக வாங்கவில்லை. ஸ்பிரே அடிக்க எனக்குப் பாடமா என்று ஒரு திமிர்.

அன்று காலை கோயிலுக்குப் போய்ச் சேரும்போதே மணி எட்டு. நல்ல நேரம் முடிகிற ஒன்பதரைக்குள் குத்திவிட வேண்டும். வாசலில் மேளம், அதற்கு மேல் ஸ்பீக்கர், அதற்கும் மேல் ஜெனரேட்டர். இடது கண்ணுக்குப் பின்னால் மெல்ல ஆரம்பித்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். பையைத் திறந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பதினைந்து வருஷப் பழக்கம் இருக்கிறதே, அது தலைவலியிலும் தூங்குவதில்லை. எந்த ஸ்பிரேயரை எடுத்தாலும் முதல் அடியைப் பயிரில் அடிக்கமாட்டோம். முனையை வானத்தைப் பார்க்க வைத்து ஓர் அடி அடித்து, அடைப்பு இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டுதான் வயலில் இறங்குவோம். என் கை தன்பாட்டுக்கு அதையே செய்தது. மருந்து பொடித் தூறலாகக் கிளம்பி, கிழக்கே கரும்புத் தோட்டத்துப் பக்கம் போனது. காற்று கிழக்கே அடிக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"ஏங்க, இன்னா பண்ணீங்க?"

"டெஸ்ட் பண்ணேன்."

அவள் இரண்டாவதை என் கையில் கொடுக்கவே இல்லை. "வாயை மூடிக்கினு தலையை நேரா வையுங்க" என்று சொல்லிவிட்டு அவளே ஒரு மூக்கில் வைத்து அழுத்தினாள். தொண்டையில் வேப்பங்கொழுந்தை அரைத்து ஊற்றினாற்போல் ஒரு கசப்பு இறங்கியது. இதுவும் கேட்கவில்லை என்றால் வேறு மருந்து கிடையாது. அக்காவும் கிடையாது.

அக்கா வந்தாள். குனிந்து என் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். என் கூடப் பிறந்தவளே அப்படிச் செய்ததில், அந்த வலியிலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் தவில் வாசித்துக்கொண்டிருந்தவர் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். முன்பின் பார்த்ததில்லை. என் இடது கண்ணைப் பார்த்தார், நெற்றியை அழுத்திக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்.

"இது குடி இல்லம்மா. ஒத்தைத் தலவலி. எனுக்கும் இருக்குது. மோளம் அடிக்கிறவன் இத யாராண்ட சொல்றது?"

சொல்லிவிட்டு விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாதஸ்வரக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். ஸ்பீக்கர் நின்றது. ஜெனரேட்டரும் நின்றது. கோயிலின் பின்பக்கம் சாமி வாகனங்கள் வைக்கிற இருட்டறையைத் திறக்கச் சொல்லி, மரக்குதிரைக்குப் பக்கத்தில் என்னைப் படுக்க வைத்து, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே மச்சான் வீட்டுப் பெரியவர் ஒருவர், "மோளம் இல்லாம இன்னாம்மா காது குத்து?" என்று கேட்பது காதில் விழுந்தது. அதற்கு அக்கா, "குத்தப் போறது காதை, மோளத்தை இல்ல. என் தம்பி எழுந்து வரட்டும்" என்றாள். கதவு இடுக்கு வழியே அதைக் கேட்டபோதே எனக்குப் பாதி வலி இறங்கிவிட்டது என்றுதான் சொல்வேன். டாக்டர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

முக்கால் மணி நேரம் இருக்கும். இறுக்கிக் கட்டிய தலைப்பாகையை யாரோ சுற்றுச் சுற்றாக அவிழ்ப்பது போல் வலி விட்டது. எழுந்து உட்கார்ந்தேன். குமட்டல் இல்லை. கதவைத் திறந்தேன், வெயில் குத்தவில்லை. ஒன்பதே கால்.

பாயில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை அக்கா என் மடியில் வைத்தாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்காமல் இருக்கத்தான் அந்த நேரத்தில் மேளத்தை ஓங்கி அடிப்பார்கள். அன்று கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆசாரி கம்பியை வைத்தார். குழந்தை நேராக என் இடது காதில் வாயை வைத்து வீறிட்டது.

போச்சு என்று கண்ணை மூடினேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் கத்தக் கத்த எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு சத்தத்தை என் தலை தாங்குகிறது என்ற சந்தோஷம். குழந்தை அழுகிறது, தாய்மாமன் சிரிக்கிறேன், அக்கா இரண்டும் சேர்த்துச் செய்கிறாள்.

இரண்டாவது காதும் முடிந்ததும் தவில்காரரைப் பார்த்துக் கை காட்டினேன். அவர் கூடு மாட்டாமல் வெறும் விரலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தாங்குமா என்பது போல என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி பார்த்தார். அப்படிப் பார்த்துப் பார்த்தே முழு மேளத்துக்கும் கொண்டு வந்துவிட்டார்.

பந்தியில் அக்கா அவளே எனக்கு வடை வைத்தாள்.

"அப்பவும் இதானாடா?"

"இதான்க்கா."

இன்னொரு வடை வைத்தாள். மன்னிப்பு எல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான் கேட்பார்கள்.

தவில்காரர் கிளம்பும்போது மூக்கு ஸ்பிரேயின் காலிப் பெட்டியை வாங்கிப் பார்த்தார். ஆளுக்கு ஆள் ஒத்துக்காது, டாக்டரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி, அந்த டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள் என் மனைவி. "ஒரு அடிதான் இருக்கும், வானத்துல அடிச்சுறாதீங்க" என்று அவள் சேர்த்துச் சொன்னதற்கு அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வயலில் இன்றும் முதல் அடியைக் காற்றில்தான் அடிக்கிறேன்; அந்தத் தூறல் கலைவதைப் பார்க்கும்போதெல்லாம், என் வலியைத் தீர்த்தது அந்த மருந்துதான் என்றாலும், அது வேலை செய்கிற வரைக்கும் என்னை நம்பி மேளத்தைக் கீழே வைத்தாரே, அந்த மனுஷனைத்தான் மனசு முதலில் கும்பிடுகிறது.