மூன்றாவது குரல்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் பொன்னாயியைக் கூப்பிட்டு விளையாடுவது பிள்ளைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு. சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "பொன்னாயி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, "இந்தா வந்துட்டேன்" என்று ஓடிவருவாள். ஆளைக் காணாவிட்டாலும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். எத்தனை முறை ஏமாந்தாலும் அடுத்த முறையும் வருவாள். அவளுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அவர்களுக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

அவளும் ஒரு காலத்தில் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். ஆளில்லாத இடத்தில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கும் வாய் திறக்கக் கூடாது, இரண்டாவது குரலுக்கும் வாய் திறக்கக் கூடாது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கேட்டால்தான் அது மனுசக் குரல். இதை யாரும் அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாத விசயமா இது!

எழுபத்தாறாம் வருசம் மே மாதம் அரியலூரில் ஒரு கோடை வகுப்பு நடந்தது. பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு பி.யூ.சி.யில் சேரக் காத்திருந்த கிராமத்துப் பையன்களுக்காக, திருச்சியிலிருந்து வந்த கல்லூரி வாத்தியார்கள் சிலர் அதை நடத்தினார்கள். தமிழிலேயே படித்துவிட்டுப் போய், காலேஜில் இங்கிலீஷில் பாடம் கேட்டு மிரண்டு, வந்த வேகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் அப்போது ஏராளம். அந்தப் பயத்தைத் தெளிய வைக்கத்தான் இந்த ஏற்பாடு. லீவு விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுப் பையன்கள் தங்கினார்கள். சமையலுக்குப் பொன்னாயி. புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவள், இத்தனை பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுவதில் முகம் தெளிந்து திரிந்தாள்.

அந்தக் கூட்டத்தில் தர்மன் என்று ஒருவன். மீன்சுருட்டிப் பக்கம். தகப்பன் இல்லை, தாய் குஞ்சம்மாள் கூலிக்குப் போய் வளர்த்த ஒரே பிள்ளை. வகுப்பில் எழுந்து இங்கிலீஷ் பேசச் சொன்னால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக்கு வந்துவிட்டால் கடகடவென்று ஒப்பிப்பான். "அக்கா, நீங்க சும்மா உம் கொட்டுங்க, போதும்" என்பான். அவளும் வெங்காயம் அரிந்துகொண்டே கொட்டுவாள். அவன் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரியாது, சரியாகத்தான் சொன்னோமா என்று அவனுக்கும் தெரியாது. ஆனாலும் இவன் எப்படியும் காலேஜில் நின்று படித்துவிடுவான் என்று அவள் நம்பினாள்.

ஒருநாள் வாத்தியார் பையன்களை ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளுக்குக் கூட்டிப்போய், கல்லாகிப்போன கிளிஞ்சல்களைக் காட்டினார். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்றார். தர்மனுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, நம்ம ஊருக்குக் கடலே வந்துட்டுப் போயிருக்கு!" என்று ஒரு கிளிஞ்சலை அவள் கையில் வைத்து அழுத்தினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. காலையில் வெளியே போன தர்மன் பொழுது சாய்ந்தும் வரவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷுக்குப் பயந்து அதற்குள் இரண்டு பையன்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடியிருந்தார்கள். இவனும் ஓடிவிட்டான் என்று வாத்தியாரும் நினைத்தார், பொன்னாயியும் நினைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவான்?

மறுநாள் உச்சி வெயிலில் அவள் விறகு பொறுக்கக் கருவேலங்காட்டுக்குப் போனாள். அதைத் தாண்டினால் அந்தக் கல்லுக்குழிகள்தான். ஒரு ஈ காக்கை இல்லை. சுள்ளிகளைக் கட்டித் தலையில் தூக்கும்போது குரல் கேட்டது.

"அக்கா."

மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது போலக் கரகரத்த, வறண்ட குரல். அவள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"அக்கா."

இரண்டு. அவள் ஓடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது குரலுக்காகக் காத்து நின்றாள். வெகுநேரம் நின்றாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மூன்றாவது குரல் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் விறகோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு தூக்கல் என்று பையன்கள் குறைப்பட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் மீன்சுருட்டிக்கு ஆள் போய், தர்மன் ஊருக்கே வரவில்லை என்ற சேதியோடு திரும்பினான். தேடிப்போனவர்கள் கிளிஞ்சல் கிடைத்த கல்லுக்குழிக்குள் அவனைக் கண்டார்கள். சரிவு பெயர்ந்து விழுந்து கால் இரண்டும் முறிந்திருந்தது. உடம்பைப் பார்த்த போலீஸ்காரர், "நேத்து மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற பொன்னாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாசத்தால் மயங்கினாள் என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

அதோடு கோடை வகுப்பு நின்றது. அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை. சட்டி கழுவும்போது கேட்கும், பஸ்ஸில் கேட்கும், கோயில் கூட்டத்தில் கேட்கும். பயம் போய்விட்டது அவளுக்கு. பேயாகவே வந்தாலும் பரவாயில்லை, வந்து கூப்பிடட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். குஞ்சம்மாளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வருசா வருசம் நினைப்பாள். ஜெயங்கொண்டம் வரைக்கும் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியதும் உண்டு. எண்பத்திரண்டு கோடையில்தான் துணிந்து மீன்சுருட்டிக்குப் போய் இறங்கினாள்.

குஞ்சம்மாள் ஒரு முந்திரித் தோப்பில் கூலிக்குக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முந்திரிப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது.

"அரியலூருங்க. ஒங்க மவனுக்குச் சோறு போட்டவ."

குஞ்சம்மாள் கண்ணெடுத்துப் பார்த்தாள். "ஒக்காரு தாயி. எம்புள்ள வயிறாரச் சாப்புட்டானா அங்க?"

"நல்லா சாப்புட்டானுங்க."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். காறித் துப்பட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், தலைமயிரைப் பிடித்து இழுக்கட்டும் என்றுதான் வந்திருந்தாள். அப்படி ஏதாவது நடந்தால் தேவலை என்று இருந்தது.

குஞ்சம்மாள் கையிலிருந்த கொட்டையை உடைக்காமல் வைத்திருந்தாள்.

"ரெண்டு தடவதானா?"

"ரெண்டே தடவதாங்க. சத்தியமா மூணாவது கேக்கல."

"நானா இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன் தாயி." என்றாள் குஞ்சம்மாள். "ஆனா அவனுக்குத் தெரியும். மூணு தடவ கூப்பிட்டாத்தான் யாரும் திரும்புவாங்கன்னு அவனுக்குத் தெரியும். சின்னதுலேயே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

பொன்னாயி தரையில் சிதறிக் கிடந்த முந்திரி ஓடுகளை ஒன்றாகக் கூட்டினாள்.

"முடிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டுக் குஞ்சம்மாள் குனிந்து கொட்டையை உடைத்தாள்.