வெள்ளித்தாள் ஒட்டிய போர்க்கோடாரி

என் மகள் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வீரன் போர்க்கோடாரியைச் சுழற்றினான். அது மின்னியபோது எனக்குச் சிகரெட் வாசனை வந்தது.

அரியலூரில் ஐந்தாவது படிக்கையில், பள்ளி நாடகத்தில் நான்தான் சோழப் படைவீரன். பெண்ணானாலும் வகுப்பில் நானே உயரம். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய அப்பா அட்டைப்பெட்டியை வெட்டிக் கோடாரி செய்தார். தன் சிகரெட் பாக்கெட்டுகளில் இருந்த வெள்ளித்தாளை எடுத்துச் சோற்றுப்பசையால் ஒட்டினார். ஒரு பக்கத்துக்குத்தான் தாள் இருந்தது.

"இந்தப் பக்கத்துக்கும் வேணும்ப்பா" என்றேன்.

"அதுக்கென்ன, குடிச்சிட்டாப் போவுது" என்று சிரித்துக்கொண்டே ஒன்றைப் பற்றவைத்தார்.

"புள்ளைய சாக்கு வச்சு ஊதுறீங்களா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

நாடகத்தன்று கோடாரியின் இரண்டு பக்கமும் மின்னின. நான் அதை ஓங்கியபோது, கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவே அப்பாவின் இருமல் தனியாகக் கேட்டது.

மறுவருடம் நுரையீரலில் புற்று என்றார்கள். அந்த மழைக்காலத்தைக்கூட அவர் தாண்டவில்லை.

"கல்லுத் தூசிதாண்டி உங்கப்பாவக் கொண்டுபோச்சு" என்று அம்மா இப்போதும் சொல்வாள், நான் எதுவும் கேட்காமலே.

"ம்மா, எனக்கும் இது மாதிரி ஒண்ணு செஞ்சு தாம்மா" என்றாள் மகள், கைபேசித் திரையைக் காட்டி.

பெரம்பலூர் கடையில் வாங்கிய அலுமினியத் தாள் சுருள் அலமாரியில் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் தாராளமாகக் காணும். எழுந்து போய் அதை எடுக்கத்தான் முடியவில்லை.