ஏழாவது வெடி

ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். மத்தூர்ப் பக்கம் மழை பொய்த்ததால் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே கட்டட வேலைக்குப் போனோம். அவர் பாறையில் குழி போட்டு வெடிமருந்து கெட்டிப்பவர். நான் ஜல்லி சுமக்கிற சித்தாள். ஆம்பளைகள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. குடிக்கத் தண்ணீர்கூடக் கையைக் காட்டித்தான் கேட்பேன்.

பெரிய மெஷின் உட்கார வேண்டிய இடத்தில் லாரி அளவுக்கு ஒரு பாறை கிடந்தது. இஞ்சினியர் வரைபடத்தை விரித்துக் காண்ட்ராக்டரிடம் வழி சொன்னார். மெஷினை இருபதடி தள்ளி வைத்தால் பாறையைத் தொடவே வேண்டாம். இல்லையென்றால், மேலே மணல் மூட்டை அடுக்கி ஒரு நாளைக்கு ஒரே குழியை வெடிக்கலாம்.

"அதுக்கெல்லாம் நாள் ஏது சார்? மேஸ்திரிகிட்ட மொத்தமா வுட்டுடலாம். எவனுக்கு என்னா ஆனாலும் அது அவன் பாடு" என்றார் காண்ட்ராக்டர்.

இஞ்சினியர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். கூடையோடு நின்ற எனக்கு விளங்கியது. ஆபத்தை அவர்கள் இறக்கவில்லை, வேறு தலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மேஸ்திரி ஏழு குழிக்கும் ஒரே நாளில் திரி வைக்கச் சொன்னார். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்ட பிறகுதான் விசில் ஊதுவார்கள், விசில் கேட்டால்தான் ஆள் உள்ளே போகலாம். எங்கள் வழக்கம் அது. மண்மேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் தரை வயிற்றில் உதைத்தது. ஆறு கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம் வந்தது, ஆனால் தரை அசையவில்லை. எதிரே புதிதாக அடித்திருந்த தகரச் சுவரில் மோதித் திரும்பிய எதிரொலி அது; முந்தையவை அடுத்தடுத்த வெடிச் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தன. மேஸ்திரி அதையும் சேர்த்து ஏழு என்று எண்ணி விசில் ஊதினார்.

என் வீட்டுக்காரரும், அவரோடு குழி போடும் ஆந்திராவின் குப்பம் ஊர்க்காரத் தம்பியும் எழுந்து பாறைக்கு நடந்தார்கள். ஒன்று வெடிக்கவில்லை என்று நான் கத்த வேண்டும். சுற்றிலும் இருபது ஆம்பளைகள். கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்து என் வீட்டுக்காரர்மேல் எறிந்தேன். காதுக்கு மேலே பிளந்து, ரத்தம் சட்டையில் இறங்கியது.

"அடி சனியனே! பைத்தியம் புடிச்சிருச்சாடி ஒனக்கு?"

திரும்பி ஓடிவந்து வாயிலேயே அறைந்தார். மயிரைப் பிடித்துத் தள்ளி விலாவில் உதைத்தார். நான் இன்னும் தூரமாக ஊர்ந்தேன். அவரும் உதைத்துக்கொண்டே பின்னால் வந்தார். எனக்கு அது போதும்.

என்னைத் தெலுங்கில் அண்ணி என்று கூப்பிடும் தம்பி, பாறையருகே நின்று சிரித்தான். "வதினா, இன்னொண்ணு போடு! அண்ணனுக்குப் பத்தல!"

அப்போது ஏழாவது வெடித்தது.

அவனை மூட நாலு சிமெண்டுச் சாக்கு ஆயிற்று. மேஸ்திரி அங்கிருந்தே எந்தப் பக்கம் போனாரோ, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. செத்துப்போன ஆளைத் தான் வேலைக்கே வைக்கவில்லை என்று காண்ட்ராக்டர் போலீசிடம் சொன்னார். என் வீட்டுக்காரர், எதற்குக் கல் எறிந்தாய் என்று என்னைக் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் அடிக்கவும் இல்லை.

சாயங்காலம் தம்பியின் பெண்சாதி எங்கள் கொட்டகைக்கு வந்தாள். என் உதட்டில் காய்ந்திருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்தாள்.

"அக்கா, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

ஒரு வார்த்தை கத்தியிருந்தால் இரண்டு பேருமே திரும்பியிருப்பார்கள். தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.