பாலம்மாள் போட்ட சுழி

பாலம்மாள் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் என்பதால் அவளுக்கு எழுதுகிற வேலை அப்படி ஒன்றும் நிறைய இல்லை. இருக்கிற கொஞ்சத்தில் ஒன்றையும் விடமாட்டாள். பலசரக்குச் சீட்டின் தலையில் ஒரு உ. பால் அட்டையில் ஒரு உ. கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் காலண்டரில் குறித்தால் அங்கேயும் ஒரு உ. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருவே சேர்ந்து மனு எழுதியபோது, கையெழுத்துப் போட வந்தவள் மனுவின் உச்சியைப் பார்த்தாள். அதற்கும் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் தன் பெயரை எழுதினாள். மறுவாரம் தண்ணீர் வந்தது. மோட்டாரை மாற்றியதால் வந்தது என்று அவள் கணவர் பரமசிவன் சொன்னார். பாலம்மாள் எதிர்த்துப் பேசவில்லை.

பொதுவாகவே அவள் பேசமாட்டாள். கடையில் எடை குறைந்தால் தராசைப் பார்ப்பாள், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பாள், வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் பார்த்ததை மறக்கமாட்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் தேன்மொழி சென்னைக் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிறவள். கொரோனாவின்போது சங்கரன்கோவிலுக்கு வந்தவள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகி, அப்படியே தங்கிவிட்டாள். நடு அறையில் மேசை போட்டு, ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். எவ்வளவு சாத்தினாலும் பக்கத்துத் தெருவின் விசைத்தறிச் சத்தம் உள்ளே வந்துவிடும். பெங்களூரில் இருக்கும் அவளுடைய மேலதிகாரி, உங்கள் ஊரில் தினமும் மழையா என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டாள். சங்கரன்கோவிலில் தினமும் மழை பெய்கிறது என்று நம்பும் ஒரே மனிதர் இன்றைக்கும் அவர்தான்.

மகள் வருவதற்கு முன் பாலம்மாளுக்கு மத்தியானச் சாப்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது. பரமசிவன் திருவேங்கடம் போகும் மினிபஸ்ஸில் டிரைவர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவள் அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்தே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். மகள் வந்த பிறகுதான் தட்டு எடுத்து, உட்கார்ந்து, சோறு, குழம்பு, ஒரு கூட்டு என்று சாப்பிட ஆரம்பித்தாள். ஆகவே கம்பெனி எல்லாரையும் சென்னைக்குத் திரும்பி வரச் சொல்கிறது என்று தேன்மொழி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது, பாலம்மாளின் கண் முதலில் அந்தத் தட்டின் மேல்தான் போனது.

ஒரு வழி இருந்தது. தேன்மொழி எழுதிக்கொண்டிருந்த புரோகிராமை வெள்ளிக்கிழமை காலை அதிகாரியிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். தடங்கலில்லாமல் ஓடினால் ஊரிலேயே இருந்துகொள்ளலாம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை சென்னையில் இருக்க வேண்டும். என்ன புரோகிராம் என்று பரமசிவன் கேட்டார். எந்தக் கடையில் எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று முன்கூட்டியே சொல்லுமாம். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தால் தெரியாதா என்று பாலம்மாள் நினைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் மகளின் திரையைக் கவனித்தாள். ஒரு எழுத்தும் புரியாது. நிறம் புரியும். வெள்ளை எழுத்தாக ஓடினால் மகள் காபி குடிப்பாள். சிவப்பாகக் கொட்டினால் குடிக்கமாட்டாள், ஆடை படிந்துவிடும். சிவப்பு வந்தால் மகள் மேலிருந்து வாசிப்பதில்லை, கடைசி வரிக்கு நேராக இறங்கி அதைத்தான் வாசிக்கிறாள் என்பதையும் கண்டுகொண்டாள். திங்கட்கிழமை சிவப்பு, ஒரு வரி ஓர் எழுத்தளவு உள்ளே தள்ளி நின்றதற்காக. செவ்வாய்க்கிழமை சிவப்பு, வெளியிலிருந்து இறக்கி வைக்க வேண்டிய ஏதோ ஒன்றை இறக்கி வைக்காமலே கூப்பிட்டதற்காக. புதன்கிழமை சிவப்பே இல்லை. ஆனால் பன்னிரண்டு மூட்டையையும் எட்டு மூட்டையையும் கூட்டி நூற்றிருபத்தெட்டு மூட்டை என்று காட்டியது. எண்களைக் கூட்டாமல் எழுத்தாக நினைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டதாம். அன்றைக்குத் தேன்மொழி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இப்படிக் கணக்குப் போடுகிற கடைக்காரர் ஒருவரைத் தனக்கும் தெரியும் என்று பாலம்மாள் நினைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் சரியாகி, வெள்ளையாக ஓடியது. வெள்ளிக்கிழமை காலையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. வேலைக்குக் கிளம்பிய பரமசிவன் வாசலில் நின்று, "ஓடுத வண்டியை நிறுத்தாதே மக்கா. நிறுத்துனா அப்புறம் செல்ஃப் எடுக்காது" என்று தன் பஸ்ஸின் அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் போனார். தேன்மொழி சிரித்துக்கொண்டே தலைக்குக் குளிக்கப் போனாள்.

மேசையைத் துடைக்க வந்த பாலம்மாள் திரையைப் பார்த்தாள். வாரம் முழுக்க மகள் பக்கத்தின் அடியிலேயே கிடந்ததால் உச்சியை அவள் பார்த்ததில்லை. இப்போது உச்சி தெரிந்தது. முதல் வரியில் இங்கிலீஷில் என்னவோ இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை.

இவ்வளவு பெரிய காரியத்தைச் சுழி போடாமலா ஆரம்பித்திருக்கிறாள்? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஏன் அப்படிப் போயிற்று என்பது இப்போது விளங்கிவிட்டது.

மகள் தமிழில் செய்தி அனுப்பும்போது எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்குவாள், எந்தப் பொத்தானில் உ வரும் என்பதை அவள் பார்த்து வைத்திருந்தாள். அமுக்கினாள். உச்சியில் ஒரு வரி இடம் விட்டு, உ போட்டாள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் மறுபடி அதே பொத்தான்களை அமுக்கி இங்கிலீஷுக்கு மாற்றியும் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு ஆபிதா பானு கறிவேப்பிலைக்கு வந்தாள். கடையநல்லூரிலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் சவூதியில். இந்த ஊரில் பாலம்மாள் வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "அப்போ எங்களுதும் ஒண்ணு போட்டுவையி பாலம்மா. துணைக்கு இருக்கட்டும்" என்றாள். சவூதிக்குப் போகிற பெட்டியானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அவர்கள் வீட்டில் தலைப்பில் பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786 இருக்கும். ஆபிதாவே ஒற்றை விரலால் தேடித் தேடி, உ-வுக்குக் கீழே 786 என்று தட்டினாள். இருவரும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். நன்றாக இருந்தது.

தேன்மொழி தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தாள். கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. கடைசியாக ஒருமுறை என்று ஓட்டினாள். சிவப்பு.

கடைசி வரியை வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். பிறகு திரும்பாமலே, "எம்மா, இங்கன வா" என்றாள்.

பாலம்மாள் வந்தாள்.

"இதைத் தொட்டியா?"

"தொடலை. உச்சியில ஒண்ணே ஒண்ணு போட்டேன்."

தேன்மொழி அழவும் முடியாமல் கத்தவும் முடியாமல் விஷயத்தைச் சொன்னாள். இந்தச் சுழியை, புரோகிராமை வரிவரியாகப் படித்து ஓட்டுகிற பைத்தான், யாரோ ஒருவருடைய பெயர் என்று எடுத்துக்கொண்டதாம். அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை, இது யாரென்று யாரும் சொல்லவில்லை என்று கடைசி வரியில் கேட்கிறதாம். சொல்லிக்கொண்டே உ-வை அழித்துவிட்டு ஓட்டினாள். வெள்ளையாக ஓடியது.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பாலம்மாளின் கண் திரையிலேயே இருந்தது.

"அது இருக்கே" என்றாள்.

786 இருந்தது. அவசரத்தில் தேன்மொழி அதைக் கவனிக்கவில்லை. "அது வெறும் நம்பரும்மா. நம்பருன்னா அதுக்குத் தெரியும், பேசாமத் தாண்டிப் போயிரும். எழுத்துன்னாதான் யாருன்னு கேக்கும்."

"அப்போ ஆபிதாக்கா போட்டதை ஒண்ணும் சொல்லலை. நான் போட்டதைத்தான் யாருன்னு கேக்குதா?"

அடுப்படி வாசலில் நின்ற ஆபிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கிவிட்டு, "எங்களுதையும் எடுத்துருட்டி. உங்க அம்மைக்கு மனசு கஷ்டமா இருக்கு" என்றாள். அதற்கும் பாலம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. வந்து உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்புவது முறையில்லை என்றாள். நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக அவள் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றாள். அது இந்த நேரமாகவா இருக்க வேண்டும் என்று தேன்மொழி கடிகாரத்தைப் பார்த்தாள்.

சமாதானமாக ஒரு வழி செய்தாள். உ-வைத் திரும்பப் போட்டு, அதற்கு முன்னால் ஒரு குறி வைத்தாள். இந்தக் குறி இருந்தால் அந்த வரியைப் பைத்தான் படிக்காது, தகராறு பண்ணாது என்றாள். பாலம்மாள் குனிந்து பார்த்தாள். குறுக்கே இரண்டு கம்பி, நெடுக்கே இரண்டு கம்பி.

"பிள்ளையாரைக் கம்பிக்குள்ள வைக்கியா?"

"எம்மா, அது கம்பியில்லை. அது இருந்தா வரியைப் பாக்காமப் போயிரும், அவ்வளவுதான்."

"வாசல்ல நிக்கவரை மூஞ்சியப் பாக்காமப் போறது மட்டும் நல்லாருக்கா?" பாலம்மாள் அந்தக் கம்பியை விரலால் காட்டினாள். "அதுக்கு யாருன்னு தெரியலைன்னா சொல்லிக்குடேன். புதுசா வந்த மருமவளுக்கு, இவுக சித்தப்பா, இவுக மாமான்னு சொல்லிக்குடுக்கோம்லா."

தேன்மொழிக்கு யோசிக்க நேரமில்லை. கம்பியை எடுத்தாள். உ-வுக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி போட்டாள். கீழே தனியாகக் கிடந்த 786-ஐ மேலே இழுத்து அதன் அருகில் விட்டாள். உ = 786. யாரென்று சொல்லியாகிவிட்டது. ஓட்டினாள். வெள்ளையாக ஓடியது.

"அல்லாவே, ரெண்டு பேரையும் ஒரே வரியில குடிவச்சிட்டா" என்றாள் ஆபிதா.

கூட்டம் தொடங்கியது. குக்கர் விசில் கேட்டுவிடக் கூடாது என்று பாலம்மாள் அடுப்பை அணைத்தாள். பெண்கள் இருவரும் கதவிடுக்கில் நின்றார்கள். மகளின் ஈரத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் நாற்காலிக்குக் கீழே ஒரு குட்டையாகத் தேங்கியதைப் பாலம்மாள் பார்த்தாள். திரை வெள்ளையாகவே ஓடியதையும் பார்த்தாள். கடைசியில் அதிகாரி பக்கத்தை உச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். முதல் வரியில் இருப்பது என்ன எழுத்து என்று கேட்டார்.

தேன்மொழியின் முதுகு நிமிர்ந்தது. "லோக்கல் செட்டிங், சார்" என்றாள்.

அது அவசியமா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். இந்த ஊரில் ஓட வேண்டுமென்றால் அவசியம் என்று தேன்மொழி இங்கிலீஷில் சொன்னாள். அவர் தலையாட்டினார். மழை இன்னும் விடவில்லை போலிருக்கிறதே என்று அனுதாபத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அனுமதி வந்தது. பாலம்மாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டுகளை எடுத்து வைத்தபோது மகளுடைய தட்டை மட்டும் இரண்டாம் முறை கழுவினாள். மறுநாள் தேன்மொழி லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு போட்டாள். போடும்போது விரல்கள் எங்கெங்கே போயின என்று பாலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் அவள் நினைவில் இருக்கிறது. இதுவரை தேவைப்படவில்லை.

போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது தேன்மொழி ஒரு செய்தி சொன்னாள். சென்னை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த முகம்மது ஆரிப், அந்தப் புரோகிராமைச் சுத்தம் செய்கிறேன் என்று முதல் வரியை அழித்துவிட்டானாம். அன்றைக்கே புரோகிராம் நின்றுபோனதாம். உண்மையில் நின்றதற்குக் காரணம் வேறு, கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டது. ஆனால் அது தெரிவதற்குள் பயந்துபோய் வரியைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். இப்போது அதற்கு மேலே, எதற்கென்று தெரியாது, யாரும் அழிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம்.

"ஓடுத வண்டியில கை வைக்கப்படாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் பரமசிவன்.

பாலம்மாள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டாள்.

"கம்பி எதுவும் போட்டிருக்காவளா?"

எழுதி வைத்த எச்சரிக்கைக்கு முன்னால்தான் கம்பி, சுழிக்கு இல்லை என்று தேன்மொழி சொன்னாள். பாலம்மாள் கொஞ்சம் யோசித்தாள். சரி, வாசலில் காவலுக்கு நிற்பவனுக்குக் கம்பி இருக்கலாம் என்று தோன்றியது. மகளின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.