கடலடி ஊற்றும் பவளம் அக்காவின் அட்டைகளும்

கடல்நீரை அளப்பது என் தொழில். அதில் பாதி, ஏன் அளக்கிறேன் என்று மற்றவர்களுக்குச் சொல்வதிலேயே போய்விடும். செய்கிற வேலையை வீட்டாருக்குக்கூட விளங்கப்படுத்த முடியாமல் தவிப்பவர்களே, உங்களுக்குத்தான் இது.

புங்குடுதீவுக்கு அப்பால், ஆழம் குறைந்த கடலடியில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக நிலத்தடி நீர் ஊறி வரும். அந்த ஊற்றுகளைச் சுற்றி வாழும் உயிர்களுக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று உப்பையும் அமிலத்தையும் ஒட்சிசனையும் அளக்கிறேன்.

பஸ்ஸில்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஐஸ்பெட்டியோடு பஸ் ஏறினேன். நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு அம்மா, உள்ளே மீனா என்று கேட்டார். கடல்தண்ணி, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போறன் என்றேன். பெட்டியை ஒருக்கால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் பிள்ளை, யாழ்ப்பாணத்திலை கடல் இல்லையோ?"

குமிழி

ஊற்று வாயில் பிடிக்கும் போத்தலுக்குள் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. இருந்தால் ஒட்சிசன் கணக்குப் பிழைத்துவிடும். அன்று காற்று எழும்பி, நங்கூரம் இழுபட்டது. மேலே வந்து பார்த்தால் போத்தலில் குமிழி. திரும்பவும் இறங்கினேன். திரும்பவும் குமிழி. படகுக்காரர் செல்வம் அண்ணை, "காணும், விட்டிட்டு வாரும்" என்றார். ஏலாது அண்ணை என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை மூழ்கினேன். இந்த முறை சரி. நடுங்கிக்கொண்டு ஏறிய என்னிடம் துவாயை நீட்டியபடி சொன்னார்:

"நீர் மீனாய்ப் பிறந்திருந்தால் ரெண்டு பேருக்கும் சுகம்."

அட்டைப் பண்ணை

ஊற்றுக்குப் பக்கத்தில் பவளம் அக்கா வலையடைத்து, கடலடி மணலில் ஊரும், வெளிநாட்டில் நல்ல விலைபோகும் கடலட்டை வளர்த்தார். கணவர் போன பிறகு அவருடைய சீவியமே அதுதான். அட்டைகள் சோர்ந்து சாகத் தொடங்கின. நான் கடலில் இறக்கும் அளவுக்கருவியைக் காட்டி, "உம்மடை மெசினாலைதான்" என்று என்மேல் கோபப்பட்டார். பகலில் அளந்தேன்; ஒரு குறையும் தெரியவில்லை. மனம் விடவில்லை. விடியும்போது போய் அளந்தேன். ஒட்சிசன் அடிமட்டத்தில் கிடந்தது. ஊற்று நீரில் ஒட்சிசன் குறைவு. பகலில் அந்தக் குறையை நிரப்பும் கடற்புல், இருட்டியதும் மிச்ச ஒட்சிசனையும் தானே எடுத்துக்கொள்கிறது.

வலையடைப்பை ஊற்றிலிருந்து தள்ளிப் போடவேண்டும் என்றேன். அக்கா உடனே வலை கட்டியிருந்த தடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். நானும் இறங்கினேன். வெயில் சாயுமுன் வலை இடம் மாறியது. அட்டைகளில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே செத்துவிட்டன. மிச்சம் மெல்ல மெல்ல மணலில் ஊர்ந்தன. இவ்வளவு போயிட்டுதே அக்கா என்று தொடங்கினேன். அக்கா மறித்தார்:

"செத்ததுகளைப் பற்றிக் கதைக்காதையும். கிடக்கிறதுகளை விடிய வந்து பாரும்."

ஆக, இந்த வேலையில் சம்பளத்தோடு சேர்த்து எனக்குக் கிடைத்தது, ஒருநாளும் காயாத தலைமுடியும் கோழி கூவுமுன் கைபேசியில் கூப்பிடும் ஒரு அக்காவும்தான்.